கடை மொபெட்டின் செயின் பழுதுகள்: கண்டறியும் முறையும் சரிசெய்யும் முறையும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மளிகைக் கடை என்று ஒன்று இருந்தால், அதன் வாசலில் ஒரு மொபெட்டும் நிற்கும். காலையில் மண்டியிலிருந்து சரக்கு ஏற்றுவதும், பிற்பகலில் கிராமத்துச் சில்லறைக் கடைகளுக்கு லைன் போவதும், மாலையில் வீட்டு டெலிவரி முடிப்பதும் அந்த ஒரே வண்டிதான். வேனுக்கும் லோடு ஆட்டோவுக்கும் வாடகை கொடுத்துக் கட்டுப்படி ஆகாத சிறு வணிகருக்கு மொபெட் ஒரு கைமுதல் போன்றது. அந்தக் கைமுதலை நடுவழியில் நிறுத்திவிடுகிற பழுதுகளில் செயின் பழுது முக்கியமானது. பெட்ரோல் தீர்ந்தால் ஒரு பாட்டிலில் வாங்கி வந்து ஊற்றிக்கொள்ளலாம். டயர் பஞ்சரானால் பக்கத்து ஊர் வரை தள்ளிக்கொண்டு போகலாம். செயின் அறுந்து பின் சக்கரத்தில் சிக்கிக்கொண்டால், இரண்டு சிப்பம் அரிசியோடு வண்டியை ஓர் அடிகூட நகர்த்த முடியாது. ஓடும்போது சிக்கினால் ஆளையே தூக்கி எறிந்துவிடும். ஆகவே இந்த இதழில் செயினைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

1972இல் கைனடிக் நிறுவனத்தின் லூனா வந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய மொபெட் நம் நாட்டில் அதுவே முதல். இருவர் அமரும் இடத்தில் ஒருவரும் ஒரு மூட்டையும் என்று நம் வணிகர்கள் உடனே கணக்குப் போட்டுவிட்டார்கள். 2015இல் நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினுடன் எக்ஸ்.எல். 100 வந்த பிறகும் அமைப்பு ஏறக்குறைய அதேதான்: கியர் மாற்றும் வேலை கிடையாது, ஆக்சிலேட்டரைத் திருகினால் கிளட்ச் தானே பிடிக்கும், ஒரு செயின் பின் சக்கரத்தை இழுக்கும். மொபெட் என்ற பெயரே மோட்டார், பெடல் ஆகிய இரண்டு சொற்களை ஒட்டவைத்ததுதான். இன்றைய வண்டிகளில் பெடல் போய்விட்டது, செயின் போகவில்லை.

செயின் நீளுவது எப்படி?

"செயின் இழுத்துப்போச்சு" என்று மெக்கானிக் சொல்வார். இரும்பு ரப்பரைப் போல இழுபட்டுவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஆணி இருக்கிறது. அந்த ஆணி ஒரு சிறு குழாய்க்குள் திரும்புகிறது. இந்தக் குழாயைப் புஷ் என்பார்கள். புஷ்ஷின் மேல் ஒரு ரோலர் உருளுகிறது. அதுதான் பல்சக்கரத்தின் பல்லில் உட்காரும். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றுவரை இதில் அடிப்படை மாற்றம் இல்லை.

வண்டி ஓடும்போது ஆணியும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. ஓர் இணைப்பில் 0.1 மில்லி மீட்டர் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 100 கண்ணி உள்ள செயினில் அந்தத் தேய்மானம் எல்லாம் சேர்ந்து 10 மில்லி மீட்டர், அதாவது ஒரு சென்டி மீட்டர் ஆகிவிடும். செயின் தொங்குவது இதனால்தான். தராசில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு கிராம் கூடப் போனால் மூட்டை முடியும்போது என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா?

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், தேய்மானம் நடப்பது உள்ளே, ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவில். வெளியே தகடுகளின் மேல் கிரீஸை அப்பி வைப்பதால் உள்ளே ஒரு பயனும் இல்லை. எண்ணெய் தகடுகளின் இடுக்கு வழியாக உள்ளே போய்ச் சேர வேண்டும்.

நம் ஊர் வண்டிக்கு மட்டும் ஏன் இத்தனை சீக்கிரம்?

முதற்காரணம் பாரம். வெறும் பேச்சாக இல்லாமல் கணக்காகவே பார்த்துவிடலாம். வண்டி ஏறத்தாழ 85 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ, சரக்கு 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 250 கிலோ. சமதரையான டெல்டாவில் மேடு ஏது என்று கேட்கக்கூடாது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போய்ப் பாருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள். 20 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றத்தில் 250 கிலோவைத் தள்ளுவதற்கு 12.5 கிலோ விசை வேண்டும். சாலையில் டயர் உருளுவதற்கு இன்னும் ஓர் 5 கிலோ. ஆக 17.5 கிலோ. இது டயர் தரையைத் தொடும் இடத்தில் உள்ள கணக்கு. ஆனால் செயின் இழுப்பது சக்கரத்தின் விளிம்பில் இல்லை, நடுவில் உள்ள சிறிய பல்சக்கரத்தில். 16 அங்குல ரிம் உள்ள சக்கரத்தின் ஆரம் டயரோடு சேர்த்து சுமார் 266 மில்லி மீட்டர். பின் பல்சக்கரத்தில் 36 பல் என்று கொண்டால் அதன் ஆரம் சுமார் 73 மில்லி மீட்டர். கிணற்று ராட்டினத்தின் அச்சில் கயிற்றைச் சுற்றி இழுப்பது போன்ற நிலை. செயின் சுமார் 3.6 மடங்கு விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. 17.5 கிலோ 63 கிலோவாகிவிடுகிறது. சரக்கே இல்லாமல் ஆள் மட்டும் போனால் இதே பாலத்தில் சுமார் 38 கிலோதான்.

இது ஒரே சீராக ஏறும்போது உள்ள கணக்கு. பாலத்தின் பாதியில் பேருந்துக்காக நிறுத்தி, மறுபடி ஆக்சிலேட்டரை ஒரே திருகாகத் திருகிக் கிளப்பினால் செயினில் விழும் இழுப்பு இதைவிட மிக அதிகம். கியர் வண்டியாக இருந்தால் முதல் கியர் போட்டுக் கிளப்பலாம். மொபெட்டில் அந்த வசதி இல்லை. மூட்டை ஏற்றும் வண்டியில் ஆக்சிலேட்டரை மெதுவாகத் திருகப் பழகிய பையனின் செயின் அதிக நாள் உழைப்பதற்கு இதுவே காரணம். கைராசி என்று சொல்லிக்கொள்கிறார்கள். ராசி ஒன்றும் இல்லை.

இரண்டாவது காரணம் உமி. அறுவடைக் காலத்தில் நம் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காய்வது எல்லோரும் அறிந்ததே. நெல் உமியை எரித்தால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. மணலில் இருக்கும் அதே பொருள். எனவே கிரீஸ் அப்பிய செயினில் உமித்தூசி ஒட்டினால் அது உப்புக்காகிதம் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். அரிசி மண்டியிலும் தவிட்டுக் கடையிலும் நாள் முழுக்க நிற்கும் வண்டிக்கு அறுவடைக் காலம் என்று தனியாக ஒன்று தேவையில்லை. வைக்கோல் வேறு விதமாகத் தொல்லை கொடுக்கும். முன் பல்சக்கரத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, செயினைப் பல்லிலிருந்து மேலே தூக்கிவிடும். வைக்கோல் பரப்பிய சாலையைக் கடந்து வந்தால் இஞ்சினை நிறுத்தி ஒரு முறை குனிந்து பார்ப்பது நல்லது.

மூன்றாவது உப்பு. இதை மளிகைக்காரர்களுக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டும். கல் உப்பு மூட்டை ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் இழுத்துக் கசியும். அந்த உப்பு நீர் கேரியர் வழியாக இறங்கிச் செயினில் விழுந்தால் ஓரிரு நாளிலேயே துரு ஏறிக் கண்ணிகள் மடங்காமல் விறைத்துக்கொள்ளும். உப்பு மூட்டைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்தால் போதும்; சர்க்கரைச் சாக்கின் உள் உறையே இதற்கு ஆகும். உப்பு பட்டுவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் செயினைக் கழுவி, துணியால் துடைத்து, காயவைத்து எண்ணெய் இட வேண்டும். மழைக்கால வெல்லமும் இப்படித்தான் ஒழுகும், ஆனால் அது துருவைவிடப் பிசுக்கைத்தான் அதிகம் தரும்.

சத்தத்தை எண்ணிப் பழுதைக் கண்டுபிடித்தல்

மெக்கானிக்கிடம் போய் "ஏதோ சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால், அவர் செயினையும் மாற்றுவார், பேரிங்கையும் மாற்றுவார். பில் நம்முடையது. எந்தச் சத்தம், எத்தனை தடவை என்று நாமே பார்த்துச் சொன்னால் பாதிச் செலவு மிச்சம்.

முதலில் இஞ்சின் சத்தமா, செயின் சத்தமா என்று பிரிக்க வேண்டும். ஆளில்லாத நேரான சாலையில் வெறும் வண்டியாக நிதான வேகத்தில் போய், இஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடுங்கள். சத்தம் தொடர்ந்தால் குறை சக்கரத்திலோ செயினிலோ இருக்கிறது. சத்தம் நின்றுவிட்டால் இரண்டு காரணம் இருக்கலாம்: ஒன்று இஞ்சின் அல்லது கிளட்ச், மற்றொன்று, இழுவை இருக்கும்போது மட்டும் சத்தமிடும் தேய்ந்த பல்சக்கரம். பாரத்தோடு கிளம்பும்போது வண்டி உதறி உதறி நகர்ந்தால் கிளட்ச் ஷூவையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா உதறலுக்கும் செயின்மேல் பழி போடக்கூடாது.

அடுத்து வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சாவி விஷயத்தைச் சும்மா சொல்லவில்லை. ஸ்டாண்டில் இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு செயினில் துணி வைத்துத் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. துணியின் ஒரு நூல் பல்லில் சிக்கினால் போதும், கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். கடைப் பையன்களிடம் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிவையுங்கள்.

இப்போது டயரைப் பிடித்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். டயரில் ஓர் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, "டக்" என்ற சத்தமோ இறுக்கமோ எத்தனை சுற்றுக்கு ஒரு முறை வருகிறது என்று எண்ணுங்கள். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வந்தால், பின் பல்சக்கரம் வளைந்திருக்கிறது, அல்லது பல் உடைந்திருக்கிறது, அல்லது பல்சக்கரத்தின் போல்ட் தளர்ந்திருக்கிறது. ஒரே சுற்றில் மூன்று முறை வந்தால் முன் பல்சக்கரத்தைப் பாருங்கள். முன்னால் 12 பல், பின்னால் 36 பல் என்றால் முன்னது மூன்று தடவை சுற்றும். ஏறக்குறைய மூன்று சுற்றுக்கு ஒரு முறைதான் வருகிறது என்றால் குறை செயினிலேயே இருக்கிறது. 100 கண்ணி உள்ள செயின் 36 பல் சக்கரத்தின்மேல் ஒரு முழு வலம் வருவதற்குச் சக்கரம் கிட்டத்தட்ட 2.8 சுற்று சுற்ற வேண்டும். உங்கள் வண்டியின் பல் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். ஒரு முறை எண்ணிக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டால் பிறகு எப்போதும் உதவும்.

செயினில்தான் குறை என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு கண்ணிகள் துருப்பிடித்து விறைத்திருக்கும். செயினின் கீழ்ப்பகுதியைக் கவனித்தால் அந்தக் கண்ணி நேராகாமல் முழங்கை மடங்கியதுபோல் நிற்கும். மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு, பக்கவாட்டில் கையால் முன்னும் பின்னும் அசைத்து விடுவிக்கலாம். விடுபடாவிட்டால் செயினை மாற்றுவதே சரி. ஒரு கண்ணியை மட்டும் வெட்டிப் புதுக் கண்ணி சேர்த்தால் பழைய செயினில் அந்த ஒன்று மட்டும் அளவு வேறாக நின்று தட்டிக்கொண்டே இருக்கும்.

இறுக்கமும் தளர்ச்சியும்

செயின் தொங்கினால் கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மேல் இறுக்கினால் அதைவிடக் கெடுதல் என்பது பலருக்குத் தெரியாது. மூட்டை ஏற்றினால் பின்பக்க ஷாக் அப்சார்பர் அமுங்கும்; சக்கரம் மேலே எழும்பும். அந்த நேரத்தில் இஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் சற்றுக் கூடுகிறது. வெறும் வண்டியில் "நறுக்கென்று" இறுக்கிய செயின், 100 கிலோ ஏற்றியதும் வீணைத் தந்தி போல விறைத்து நிற்கும். அந்த இழுப்பு நேரே இஞ்சின் ஷாஃப்ட்டின் பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் போகும். முன் பல்சக்கரத்தின் அருகே அடிக்கடி ஆயில் கசியும் வண்டிகளில் செயினை எப்போதும் முறுக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

எவ்வளவு தளர்வு வேண்டும் என்பது வண்டியோடு வந்த சிறு புத்தகத்தில் இருக்கும். அது கைவசம் இல்லாதவர்கள், கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் 15 முதல் 25 மில்லி மீட்டர் அசையும்படி வைத்துக்கொள்ளலாம். செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுற்றி நான்கைந்து இடத்தில் பார்த்து, எந்த இடத்தில் மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் அளவை வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளவு வைத்தால் இறுகிய இடம் வரும்போது ஒவ்வொரு தடவையும் பேரிங்கைப் பிடுங்கும். வைத்த பிறகு வழக்கமாக ஏற்றும் மூட்டையை ஏற்றி, ஓர் ஆளையும் உட்காரவைத்து இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள். அப்போதும் சிறிதளவாவது அசைய வேண்டும்.

சரிசெய்யும் வேலை கடினமல்ல. பின் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரு பக்கமும் உள்ள அட்ஜஸ்டரை ஒரே அளவாகத் திருக வேண்டும். இந்தப் பக்கம் ஒரு சுற்று என்றால் அந்தப் பக்கமும் ஒரு சுற்று. இரு பக்கத்துக் குறிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்து நட்டை முழுவதும் முறுக்கியபின், தளர்வை மறுபடி அளக்க வேண்டும். நட்டை முறுக்கும்போது சக்கரம் சற்று நகரும். ஆக்சில் நட் போதிய முறுக்கில் இல்லாவிட்டால் பாரம் இழுக்கும்போது செயின் பக்கத்தில் சக்கரம் முன்னால் நழுவிச் சாய்ந்துவிடும். அப்புறம் செயின் பல்லைவிட்டுக் கழலும். "நேத்துதான் டைட் வச்சேன், இன்னைக்குக் கழண்டுடுச்சு" என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் பின் பிரேக்கின் அளவும் மாறும். பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, வேண்டிய அளவு விட்டுக்கொடுக்காமல் வண்டியை எடுக்கக்கூடாது.

சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்க்க நம் கடையில் பொட்டலம் கட்டும் நூலே போதும். பின் டயரின் பின்பக்கமாக நூலைச் சுற்றி, இரு பக்கமும் டயரை ஒட்டி முன் சக்கரம் வரை நீட்டிப் பிடியுங்கள். ஹேண்டில் நேராக இருக்கும்போது இரண்டு நூலுக்கும் முன் டயருக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நூல் டயரை இடித்து மறுபக்கம் விலகி நின்றால் பின் சக்கரம் கோணல். கோணலாக ஓடும் செயினைப் பல்சக்கரமே காட்டிக்கொடுக்கும்: பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும்.

எண்ணெய்

கடையில்தான் எண்ணெய் இருக்கிறதே என்று நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடுபவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணெய் சில நாளில் காற்றுப் பட்டுப் பிசினாகிவிடும். வடைச் சட்டியின் வெளிப்புறத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் இலவசமாகக் கிடைக்கும் வேஸ்ட் ஆயிலும் ஆகாது. அதில் இஞ்சினில் தேய்ந்த இரும்புத் துகளும் கரியும் கலந்திருக்கும். டூ-டி ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிவதற்காகச் செய்யப்பட்ட மெல்லிய எண்ணெய், செயினில் நிற்காது. 90 நம்பர் கியர் ஆயில் நல்லது. செயினுக்கென்று விற்கும் ஸ்பிரே வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். உமித்தூசி அதில் குறைவாக ஒட்டும்.

விடும் இடமும் முக்கியம். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, கீழ்ச் செயினின் உட்புறத்தில், அதாவது பல்லில் உட்காரும் பக்கத்தில், தகடுகளின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். செயின் சுற்றும்போது எண்ணெய் வெளிப்பக்கம் நோக்கித் தள்ளப்பட்டு ஆணி வரை போய்ச் சேரும். இரவு கடை கட்டியபின் விட்டால் விடிவதற்குள் உள்ளே ஊறிவிடும். காலையில் வெளியே மிஞ்சியதைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் கிளப்பினால் அது அரிசிச் சாக்கின்மேல் தெறிக்கும். வாடிக்கையாளர் வீட்டில் கறுப்புக் கறையோடு சிப்பத்தை இறக்கினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? தினமும் லைன் போகும் வண்டிக்கு வாரம் ஒரு தடவை, மழையில் நனைந்த அன்று கூடுதலாக ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை மண்ணெண்ணெய் நனைத்த பிரஷ்ஷால் அழுக்கை எடுத்துவிட்டு எண்ணெய் விடவேண்டும். பெட்ரோலால் கழுவக்கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து ஒரு புறம், மிச்சமிருக்கும் எண்ணெயையும் அது வறட்டிவிடும்.

மாற்றும் நேரம்

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்பதை நாமே அளக்கலாம். மொபெட்டுகளிலும் சிறு பைக்குகளிலும் பரவலாக உள்ள 415, 420, 428 ஆகிய மூன்று வகைச் செயினிலும் ஓர் ஆணியின் மையத்திலிருந்து அடுத்த ஆணியின் மையம் வரை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லி மீட்டர். 20 கண்ணி 10 அங்குலம், 254 மில்லி மீட்டர். கீழ்ச் செயினை இழுத்துப் பிடித்துப் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் 30 சென்டி மீட்டர் ஸ்கேலால் 20 கண்ணியை அளந்து பாருங்கள். 259ஐத் தொட்டுவிட்டால் 2 சதவீதம் தேய்ந்துவிட்டது. இனிமேல் இறுக்கிப் பயனில்லை. ஸ்கேல் இல்லாதபோது இன்னொரு வழி: பின் பல்சக்கரத்தின் கடைக்கோடியில், பின்பக்கம் நோக்கிச் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லைவிட்டு எழும்பிப் பாதிப் பல் தெரிந்தால் செயின் முடிந்தது என்று பொருள்.

புதுச் செயின் வாங்கும்போது நம் ஆட்கள் பெரும்பாலும் செயினை மட்டும் வாங்கிக்கொண்டு பல்சக்கரத்தை விட்டுவிடுகிறார்கள். இது வீண் சிக்கனம். பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்த பல் கொக்கி போல ஒரு பக்கம் வளைந்திருக்கும். புதுச் செயினின் ரோலர் அதில் சரியாக உட்காராமல் அடித்துக்கொண்டே ஓடும்; புதுச் செயினும் சீக்கிரமே பழையது ஆகிவிடும். முன், பின் பல்சக்கரம் இரண்டையும் செயினோடு சேர்த்து செட்டாக மாற்றுவதே இலாபம்.

415, 420, 428 மூன்றுக்கும் நீள அளவு ஒன்றே ஆனதால் கடைக்காரர் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்தாலும் முதலில் மாட்டிவிடும்போலத் தோன்றும். வேறுபாடு அகலத்தில்: உள் தகடுகளுக்கு நடுவில் 415க்கு 3/16 அங்குலம், 420க்குக் கால் அங்குலம், 428க்கு 5/16 அங்குலம். அகலம் கூடினால் பல்லின்மேல் ஆடும், குறைந்தால் உட்காராது. பழைய செயினின் தகட்டில் பொறித்த எண்ணையும் கண்ணிகளின் எண்ணிக்கையையும் பார்த்துக்கொண்டு போக வேண்டும். நல்ல செயினுக்கு வெளியூர்ச் சரக்கைத் தேட வேண்டியதில்லை. சென்னையின் டைமண்ட், கோயம்புத்தூரின் ரோலான் இரண்டும் நம் மாநிலத்துத் தயாரிப்புகளே. பெயர் பொறிக்காத, உறை இல்லாத செயினை விலைக்காக வாங்குவது, முத்திரை இல்லாத எடைக்கல்லை வாங்குவது போல. பில் கேட்டு வாங்குங்கள். நாம் பில் போட வேண்டும் என்று சொல்லும் சங்கத்தின் உறுப்பினர்கள் நாமும் பில் கேட்க வேண்டுமல்லவா?

மாட்டும்போது ஒரு சிறிய விஷயத்தில் பெரிய ஆபத்து இருக்கிறது. செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் லாக் கண்ணியில் மீன்வால் போன்ற ஒரு கிளிப் இருக்கும். அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கியும், திறந்த வால்பக்கம் பின்னாலும் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் செயின் கவரிலோ வைக்கோலிலோ உரசி, கிளிப் திறந்து விழுந்துவிடும். பிறகு செயின் கழன்று, இஞ்சின் பக்கம் குவிந்து உறையை உடைக்கலாம். பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். பாரத்தோடு அந்த நிலையில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது யாராலும் முடியாது. செயின் கவரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவதும் இதே போன்ற ஆபத்துதான். சாக்கின் மூலையோ, கட்டிய சணல் கயிற்றின் நுனியோ, வேட்டியோ உள்ளே போக வேறு தடுப்பு கிடையாது. 18 வயது நிறையாத பையனிடம் வண்டியைக் கொடுத்து விபத்து நேர்ந்தால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளருக்கே 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

பழைய பெடல் வண்டியை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பெடலுக்கு ஒரு செயின், இஞ்சினுக்கு ஒரு செயின் என்று இரண்டு உண்டு. ஓடும்போது பெடல் தானாகச் சுற்றினால் ஃப்ரீவீல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி மெல்லிய எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகும். மின்சார வண்டி வாங்க நினைப்பவர்கள், மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 2024இல் வந்த இ-லூனா போலப் பின் சக்கரத்தின் ஹப்பிலேயே மோட்டார் இருந்தால் இழுவைச் செயினே கிடையாது. மிதிவண்டியின் நடுவில், பெடல் அருகே மோட்டார் பொருத்தும் வகையில் மோட்டாரின் இழுப்பு முழுவதும் மெல்லிய சைக்கிள் செயின்மேல் விழும். பேப்பர் போடவும் பால் பாக்கெட் போடவும் அது தாங்கும். அரிசி மூட்டைக்கு ஆகாது.

தீபாவளி, பொங்கல் நேரத்தில் ஒர்க்‌ஷாப்பில் இடம் கிடைக்காது. நமக்கும் வண்டியை விட்டு வைக்க நேரம் இருக்காது. புரட்டாசியிலும் மார்கழியிலும் 20 கண்ணியை ஒரு முறை அளந்துவிட்டால் போதும். வண்டிப் பெட்டியில் ஒரு உதிரி லாக் கண்ணி, இரண்டு கிளிப், ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், ஒரு மூக்குக் குறடு இவற்றை ஒரு பழைய டீத்தூள் டப்பாவில் போட்டு வையுங்கள். கிளிப் மிகச் சிறியது. கீழே விழுந்தால் வைக்கோலில் தேடி எடுக்க முடியாது என்பதால் இரண்டாக வைப்பது நல்லது.